வரி கொடுத்தவனுக்குக் கணக்குக் கொடுங்கள்!

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



புகைத்தல் தீது என்று எடுத்துரைப்பதற்காக நாம் இம்மேடைக்கு வரவில்லை. அஃது இச்சபையிலுள்ள சிறுவரும் அறிந்த செய்தி. புற்றுநோயும் மாரடைப்பும் சுவாச நோய்களும் புகையிலையால் விளைகின்றன என்பதை மருத்துவ உலகம் ஐயந்திரிபற நிலைநாட்டிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. புகைத்தலைக் குறைப்பதற்கென்று பொதுப்பணம் செலவிடப்படுகிறது. அப்பணம் என்ன பயனைத் தந்தது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டா? உண்டெனில், அக்கணக்கை எடுப்பவர் யார்? எவர் முன்னிலையில் அது வைக்கப்படல் வேண்டும்? இவையே நமது வினாக்கள்.

இது கணக்கப்பிள்ளைமார் பேசவேண்டிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். அன்று, இஃது அரசியல். சிகரட் ஒன்றை வாங்கும் கூலித் தொழிலாளி கொடுக்கும் விலையிற் பெரும்பகுதி வரியாகத் திறைசேரிக்குச் செல்கிறது. அவன் தன் நெஞ்சைக் கெடுத்துக்கொள்வதற்குக் கொடுக்கும் அப்பணத்தில் ஒரு சிறு பங்காவது அவனை அப்பழக்கத்திலிருந்து மீட்பதற்கும், அவன் மகனை அதன் வாயிலில் தடுத்து நிறுத்துவதற்கும் பயன்படல் வேண்டும் என்பது நீதி. அந்த நீதி நடந்ததா இல்லையா என்பதைக் காட்டும் சாட்சியே கணக்கு. சாட்சி இல்லாத வழக்கில் வலியவனே வெல்வான்.

சிப்பக் கணக்கு

கணக்கு என்பது யாது? புகையிலைத் தோட்டத்தையும் துலாவையும் அறிந்த நமது மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து மலையாள தேசத்துக்குச் சென்றது. அக்காலத்துத் தோட்டக்காரன், எத்தனை கன்று நட்டான், எத்தனை நாள் துலா மிதித்து நீர் இறைத்தான், எத்தனை வண்டி எரு இட்டான் என்பதெல்லாம் அவன் பட்ட பாடு. ஆனால் அறுவடை முடிந்து இலை உணர்த்தி எடுத்தபின் அவன் வீட்டார் கேட்ட கேள்வி ஒன்றே: எத்தனை சிப்பம் தேறிற்று? பாடு வேறு; பலன் வேறு. பாட்டைச் சொல்லிப் பலனை மறைக்க எந்தத் தோட்டக்காரனாலும் முடியாது.

அரசாங்கத் திணைக்களங்களுக்கோ அது முடிகிறது. இத்தனை சுவரொட்டிகள் அச்சிட்டோம், இத்தனை கருத்தரங்குகள் நடத்தினோம், இத்தனை ரூபா செலவிட்டோம் என்று ஆண்டறிக்கைகள் எழுதப்படுகின்றன. இவை வேண்டாதவை அல்ல. பணம் களவு போகவில்லை என்பதற்கு இவை வேண்டும். ஆனால் இவை கன்று நட்ட கணக்கு. சிப்பக் கணக்கு அல்ல. புகைப்போர் தொகை குறைந்ததா? புதிதாகப் பழகும் பிள்ளைகள் குறைந்தனரா? வீட்டிலும் பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் பிறர் விடும் புகையைச் சுவாசிப்போர் குறைந்தனரா? மாரடைப்பும் நுரையீரற் புற்றுநோயும் தணிந்தனவா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கூறாத அறிக்கை எத்துணைப் பருமனாயினும் அது பலனைப் பற்றிய அறிக்கையன்று.

கலிபோர்ணியா காட்டிய வழி

இவ்விஷயத்தில் உலகம் பாடம் கற்ற இடம் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலமாகும். 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அம்மாநில வாக்காளர், பிரேரணை 99 என்ற சட்டத்தைத் தமது நேரடி வாக்கினால் நிறைவேற்றினர். சிகரட் கம்பனிகள் அதனைத் தோற்கடிக்க 2 கோடி டொலருக்கு மேல் வாரி இறைத்தன. ஆயினும் மக்கள் வென்றனர். 1989 ஜனவரி 1ஆம் திகதி முதல் ஒவ்வொரு சிகரட் பைக்கற்றின் மீதும் 25 சதம் வரி ஏறிற்று.

வரியை ஏற்றுதல் எந்த அரசாங்கத்துக்கும் கைவந்த கலை. அச்சட்டத்தின் சிறப்பு, வரிப்பணத்தைப் பங்கிட்ட முறையில் இருந்தது. நூற்றுக்கு 20 வீதம் சுகாதாரக் கல்விக்கு, 5 வீதம் ஆராய்ச்சிக்கு, மிகுதி வைத்தியசாலைகள், வைத்தியர் சேவை முதலியவற்றுக்கு என்று சட்டமே வகுத்தது. இச்சட்டத்தை மாற்றுவதாயின் சட்டசபையில் ஐந்தில் நான்கு பங்கினரின் வாக்கு வேண்டும். அம்மாற்றமும் சட்டத்தின் நோக்கத்துக்கு இசைந்ததாயிருத்தல் வேண்டும். இவ்வாறு பெட்டிக்குப் பூட்டு இடப்பட்டது.

பூட்டோடு காவலும் அமைந்தது. அத்திட்டத்தைக் கண்காணித்துச் சட்டசபைக்கு ஆலோசனை கூற ஒரு மேற்பார்வைக் குழு நியமிக்கப்பட்டது. மூன்றாவதாக அளவுகோலும் வந்தது. சான் டியேகோவிலுள்ள பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரிடம் பொதுமக்களிடையே புகைத்தல் பற்றிய கணிப்பு ஒப்படைக்கப்பட்டது. ஜோன் பியர்ஸ் என்பார் அதற்குத் தலைமை தாங்கினார். பிரசாரத்தை நடத்துபவர் ஒருவர். அதன் பலனை அளப்பவர் வேறொருவர். மாணவனே தன் விடைத்தாளுக்குப் புள்ளியிடும் முறை அங்கே ஒழிந்தது.

பலன் யாது? 1988ஆம் ஆண்டில் அம்மாநிலத்து வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் புகைத்தனர். 2010ஆம் ஆண்டளவில் அத்தொகை 12ஐ அண்மித்தது. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. 1999ஆம் ஆண்டுக்குள் புகையிலைப் பாவனையை முக்காற்பங்கு குறைப்போம் என்று ஆரம்பத்தில் இலக்கு வகுத்தனர். அவ்விலக்கு எட்டப்படவில்லை. எட்டப்படவில்லை என்பதை உலகுக்குக் கூறியதும் அவர்கள் எடுத்த அதே கணக்குத்தான். தன் தோல்வியையும் வெளியிடும் கணக்கே நம்பத்தக்க கணக்கு.

பணம் திருப்பப்பட்ட காலம்

இப்பொழுது கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம். 1990ஆம் ஆண்டில் அம்மாநிலத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் தோன்றிற்று. புகை சூழ்ந்த அறையில் அமர்ந்திருக்கும் சிகரட் முதலாளிகள், இறந்தோருக்கும் கைவிட்டோருக்கும் பதிலாகப் புதியவர்களைப் பிடித்தல் வேண்டும் என்று பேசிக்கொள்வதாக அது அமைந்தது. முதலாளிகள் கொதித்தெழுந்தனர். 1992ஆம் ஆண்டு ஆரம்பத்தில் ஆளுநர் பீற் வில்சன் அவ்விளம்பரத் திட்டத்தையே நிறுத்த முற்பட்டார். நுரையீரற் சங்கத்தார் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் பணத்தைச் சட்டப்படி செலவிடுமாறு பணித்தது. ஆயினும் அடுத்த ஆண்டுகளிலும் சுகாதாரக் கல்விக்குரிய பணம் வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட்டது. 1994ஆம் ஆண்டில் அதுவும் சட்டவிரோதம் என்று தீர்ப்பாயிற்று. 1996இலேயே முழுத்தொகையும் மீண்டும் உரிய இடத்துக்கு வந்தது.

பணத்தைத் திருப்பியவர்கள் கூறிய காரணத்தையும் நேர்மையாக எடுத்துரைப்போம். நாட்டிலே பொருளாதார மந்தம். வரவு செலவில் பற்றாக்குறை. வறியவர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் செய்யப் பணமில்லை. கண்முன்னே நோயாளி கிடக்கும்போது சுவரொட்டிக்கும் கணிப்புக்கும் காசு வேண்டுமா என்று கேட்டனர். இரக்கமுள்ள எவனையும் தடுமாறச் செய்யும் கேள்வி இது. நமது நாட்டிலும் நாளை இதே கேள்வி எழும். மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் வேளையில் அதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று.

மறுமொழியைக் கணக்கே கூறிற்று. பியர்ஸ் குழுவினரின் கணிப்பு, முதலாண்டுகளில் விரைந்து வீழ்ந்த புகைத்தல், பணம் குறைக்கப்பட்ட பின்னர் அவ்வேகத்தை இழந்ததைக் காட்டிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டில் பிக்ரன்பேர்க், ஸ்டான்டன் கிளான்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் வேறொரு கணக்கை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஏனைய பகுதிகளோடு கலிபோர்ணியாவை ஒப்பிட்டு, 1989 முதல் 1997 வரை இருதய நோயால் நிகழ்ந்திருக்கக்கூடிய மரணங்களில் 33,300 குறைந்தன என மதிப்பிட்டனர். அதே ஆய்வு மற்றொன்றையும் கூறிற்று. 1992க்குப் பின் திட்டம் தளராது முதல் வேகத்திலேயே சென்றிருந்தால் மேலும் 8,300 மரணங்கள் குறைந்திருக்கும்!

தாய்மார்களே! வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி நம் கண்ணுக்குத் தெரிகிறான். நோயே வராமல் தப்பியவனோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவன் காலையில் எழுந்து தொழிலுக்குச் செல்கிறான். மாலையில் வீடு திரும்புகிறான். தான் தப்பியதை அவனே அறியான். அவனைக் கண்டு காட்டவல்லது கணக்கு ஒன்றே. கணக்கை நிறுத்தினால் அந்த 8,300 பேரும் பெயரின்றி, முகமின்றி, ஒரு எண்ணாகக்கூட இல்லாமல் மறைந்துபோவர். பணத்தை எடுத்தவருக்கு அது வசதி. இழந்த குடும்பங்களுக்கு அது அநீதி.

நிபந்தனையற்ற பெருஞ்செல்வம்

கலிபோர்ணியாவில் பூட்டும் காவலும் அளவுகோலும் இருந்தன. இவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் உண்டு. 1998 நவம்பரில் 46 மாநிலங்கள் பெரும் சிகரட் கம்பனிகளோடு ஓர் உடன்படிக்கை செய்தன. புகைத்தலால் நோயுற்றோருக்கு வைத்தியம் செய்து மாநிலங்கள் இழந்த பணத்துக்கு ஈடாக, முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டொலர் கொடுப்பதாகக் கம்பனிகள் ஒப்புக்கொண்டன. ஆனால் அப்பணத்தை எவ்வாறு செலவிடல் வேண்டும் என்பதற்கு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை எதுவும் அவ்வுடன்படிக்கையில் இல்லை.

விளைவு யாது? அமெரிக்கக் கொங்கிரஸ் சபையின் கணக்காய்வு அலுவலகம் 2000 முதல் 2005 வரையுள்ள நிதியாண்டுகளை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தது. ஏறத்தாழ 30 வீதம் பொதுவான சுகாதாரச் சேவைக்குச் சென்றது. 23 வீதமளவில் வரவு செலவுத் திட்டத்தில் விழுந்த துண்டை அடைக்கச் சென்றது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்குச் சென்றது 3.5 வீதம் மாத்திரமே! அவ்வறிக்கை தெளிவானது, நடுநிலையானது. ஆயினும் அதற்குப் பல் இல்லை. எவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் பின்னால் இல்லாதபோது, நல்ல அறிக்கையும் ஒப்பாரியாகவே முடியும்.

புளோரிடா மாநிலம் 1997இல் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டது. அங்கே ஒரு நற்செயலைக் காண்கிறோம். பிரசாரம் தொடங்குமுன்னரே, 1998 ஆரம்பத்தில், பாடசாலை மாணவரிடையே கணிப்பு எடுத்தனர். தொடங்கும் முன் நிலை யாது என்று அறியாதவன், முடிந்தபின் என்ன மாறிற்று என்று எங்ஙனம் கூறுவான்? இரண்டே ஆண்டுகளில் நடுநிலை வகுப்பு மாணவரிடையே புகைப்போர் 18.5 வீதத்திலிருந்து 11.1 வீதமாகவும், மேல்வகுப்பு மாணவரிடையே 27.4 வீதத்திலிருந்து 22.6 வீதமாகவும் வீழ்ந்தனர். இத்துணை வெற்றி கண்ட திட்டத்தை ஆட்சியாளர் என்ன செய்தனர்? முதலாண்டில் 7 கோடி டொலர் பெற்ற அத்திட்டம், சில ஆண்டுகளில் 10 இலட்சம் டொலர் அளவுக்குச் சுருக்கப்பட்டது.

ஆனால் கணக்கு அழியவில்லை. 18.5 என்பதும் 11.1 என்பதும் மக்கள் கையில் இருந்தன. 2006ஆம் ஆண்டில் புளோரிடா வாக்காளர் மாநில அரசியலமைப்பையே திருத்தினர். 2005ஆம் ஆண்டில் வந்த உடன்படிக்கைப் பணத்தின் 15 வீதத்துக்குச் சமமான தொகையை, விலைவாசி உயர்வுக்கேற்பக் கூட்டி, ஆண்டுதோறும் இப்பணிக்கே ஒதுக்கல் வேண்டும் என்று விதித்தனர். ஆட்சியாளர் மறந்த கணக்கை மக்கள் மறக்கவில்லை.

எவ்வாறு அளப்பது?

புகைத்தல் குறைந்தது வரியாலா, பிரசாரத்தாலா, காலமாற்றத்தாலா என்று எப்படி அறிவீர் எனச் சிலர் வினவுவர். நியாயமான வினா. ஆகவேதான் ஓர் அளவுகோல் போதாது என்கிறோம். வரித் திணைக்களத்தின் விற்பனைக் கணக்கு ஒன்று. மக்களை நேரிற் கேட்டறியும் கணிப்பு மற்றொன்று. வைத்தியசாலைகளின் நோய், மரணப் பதிவு மூன்றாவது. விற்பனை மாத்திரம் குறைந்தால் ஏமாறலாகாது. சிகரட்டை விட்டவன் பீடிக்கு மாறியிருக்கலாம்; கள்ளக்கடத்தற் சரக்கை வாங்கியிருக்கலாம். மூன்று கணக்கும் ஒரே திசையைக் காட்டும்போதே நம்பலாம். அதுவும் தொடக்க நிலையோடும், திட்டம் நடைபெறாத இடங்களோடும் ஒப்பிட்டே நம்பலாம்.

இதற்குச் செலவு ஆகாதா எனின், ஆகும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள், புகையிலைக் கட்டுப்பாட்டுப் பணத்தில் நூற்றுக்கு 10 வீதத்தைக் கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்குமாறு ஆலோசனை கூறியுள்ளன. ஒன்பது ரூபா ஒழுங்காகச் செலவாவதற்கு ஒரு ரூபா காவற்கூலி. இது வீண்செலவன்று.

நமது கடமை

இனி நமது நாட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டக உடன்படிக்கை 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை அதே ஆண்டு நவம்பரில் அதனை உறுதிப்படுத்திற்று. அதன் 20ஆம் உறுப்புரை கண்காணிப்பையும், 21ஆம் உறுப்புரை முன்னேற்ற அறிக்கை சமர்ப்பித்தலையும் கடமையாக்குகின்றன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபை நிறுவப்பட்டது. பாடசாலை மாணவரிடையே புகையிலைப் பாவனை பற்றிய கணிப்பும் 1999 முதல் பலமுறை நடைபெற்றுள்ளது. ஆகவே அளவுகோல் நம்மிடம் இல்லை என்று எவரும் கூறமுடியாது.

உலக நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்புதல் நன்று. ஆனால் ஜெனீவாவுக்குச் செல்லும் கணக்கு, வரி கொடுத்த வல்வெட்டித்துறை மீனவனுக்கும் அட்டன் தோட்டத் தொழிலாளிக்கும் மட்டக்களப்பு விவசாயிக்கும் வந்து சேர்தல் வேண்டாமா? அவனுடைய மொழியில், அவனுடைய மாவட்டத்தின் நிலையைக் காட்டி வருதல் வேண்டாமா? நாடு முழுவதற்கும் ஒரு சராசரியைக் கூறிவிட்டால், எந்த மாவட்டம் முன்னேறிற்று, எந்த மாவட்டம் கைவிடப்பட்டது என்பது மறைந்துபோகும்.

ஆதலால் பின்வரும் ஐந்தையும் நாம் கேட்போம். முதலாவது, புகையிலை வரியில் எத்தனை வீதம் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு உரியது என்பதைச் சட்டமே கூறல் வேண்டும். இரண்டாவது, திட்டம் தொடங்குமுன் நிலையை அளந்து வெளியிடல் வேண்டும். மூன்றாவது, செலவிடுபவர் ஒருவராகவும் பலனை அளப்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். புகையிலை விற்போரின் கை அவ்வளவையிற் படலாகாது. நான்காவது, குறித்த திகதியில், மாவட்டவாரியாக, தமிழிலும் சிங்களத்திலும் அறிக்கை வெளிவரல் வேண்டும். தோல்வி நேர்ந்திருப்பின் அதுவும் அதில் இருத்தல் வேண்டும். ஐந்தாவது, அவ்வறிக்கையைப் பாராளுமன்றம் விவாதித்து, பணம் திருப்பப்பட்டிருந்தால் திருப்பியவரை விடை கூறச் செய்தல் வேண்டும்.

கலிபோர்ணிய மக்களும் இப்பாதையில் நின்றுவிடவில்லை. 2016ஆம் ஆண்டில் அவர்கள் மீண்டும் வாக்களித்து, ஒரு பைக்கற்றின் மீது மேலும் 2 டொலர் வரி விதித்தபோது, அப்பணத்தை மாநிலக் கணக்காய்வாளர் குறைந்தது இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தல் வேண்டும் என்பதையும் அச்சட்டத்திலேயே எழுதிவைத்தனர். இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது.

இளைஞர்களே! இப்பணி உங்களுடையது. அடுத்தமுறை உங்கள் ஊரில் புகைத்தல் எதிர்ப்புக் கூட்டம் நடைபெறும்போது கைதட்டிவிட்டுக் கலைந்து செல்லாதீர்கள். எழுந்து நின்று பணிவோடு கேளுங்கள்: சென்ற ஆண்டு எத்தனை பேர்? இந்த ஆண்டு எத்தனை பேர்? அளந்தவர் யார்? கேட்பவன் இருக்கும்வரையே கணக்கு இருக்கும். கணக்கு இருக்கும்வரையே மக்கள் பணம் மக்களுக்குப் பயன்படும்.